கட்டுமரத்தை ஏன் அவிழ்க்கிறார்கள்?

ஆணி அடிக்காமல், எடை குறைந்த மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்து மீனவர்கள் தாமே செய்துகொள்வது கட்டுமரம். கரை திரும்பியதும் கயிற்றை அவிழ்த்துத் தடிகளை வெயிலில் உலர்த்துவர். ஏன்? விடையை நாம் சொல்லிவிடாமல் மாணவர்களே கண்டறியட்டும்.

செயல்பாடு: ஒரே அளவுள்ள 5 மென்மரக் குச்சிகளை நூலால் சேர்த்துக் கட்டி எடை பார்க்கச் செய்க. நீரில் மிதக்கவிட்டு, மேற்பரப்பு அமிழும்வரை நாணயங்களை ஒவ்வொன்றாக வைத்து எண்ணச் சொல்க. ஓரிரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, மறுநாள் மீண்டும் செய்க.

எடை கூடியிருக்கும், தாங்கும் நாணயங்கள் குறைந்திருக்கும். நீரை உறிஞ்சிய மரத்தின் அடர்த்தி கூடுவதே காரணம்.

மதிப்பீடு: உலர்த்தாத கட்டுமரத்தில் நிறைய மீனோடு திரும்பினால் என்ன ஆகும்?

வகுப்பில் மீனவர் வீட்டுக் குழந்தை இருந்தால், அன்று அக்குழந்தையே ஆசிரியர்.