பழைய தொடர் நாடாக்களைக் காத்தல்
திரௌபதை அம்மன் வழிபாட்டால் பாரதக் கதை வேரூன்றிய பழுகாமம் போன்ற வாவிக்கரை ஊர்களில், 1988 முதல் 1990 வரை 94 பகுதிகளாகத் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' முதலிய வீரகதைத் தொடர்களை வீடியோ கசெற்றில் பேணுவோர், ஈரக்காற்றையே முதற்பகையாகக் கொள்ள வேண்டும். காந்தத் துகளை நாடாவோடு பிணைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பதோடு, சுருளின் ஓரத்தில் வெண்பூஞ்சணமும் படரும். அத்தகைய நாடாவை ஓடவிட்டால், கசெற்றை இயக்கும் கருவியாகிய டெக்கில் படத்தை வாசிக்கும் தலை அழுக்கேறி அடுத்த நாடாவையும் கெடுக்குமாதலால், துப்புரவாக்கும்வரை அதனை இயக்கவே கூடாது. நல்ல நாடாவை முழுதும் பின்சுற்றி, நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பொதியுடன் இறுக மூடிய பெட்டியில், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு எட்டாத இடத்தில் வைத்தல் நன்று. அக்கால விளம்பரங்களோடு வீட்டிலேயே பதிந்த நாடா, கடையில் வாங்கியதினும் அரியது. அதனைக் கணினிக்கு முதலில் மாற்றி இரு பிரதிகளாக வைக்க வேண்டும். ஏனெனில், புதிய டெக்குகளின் உற்பத்தி 2016 இலேயே நின்றுவிட்டது.