மணிக்கட்டு வலிக்குத் துடுப்பைக் குறை சொல்லாதீர்கள்

"கோணத் துடுப்பா? மணிக்கட்டு போச்சு!" கயாக் பழகுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. இரண்டு முனை அலகுகளும் ஒரே தளத்தில் இல்லாமல், ஒன்றுக்கொன்று திருகி நிற்கும் துடுப்பு அது. அலகு திருகியிருந்தால் கையும் முறுக்கிக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் கையைப் பதம்பார்ப்பது பிடிக்கிற விதம்தான்.

இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தால்தான் துடுப்பு நழுவாது என்பது எல்லாவற்றிலும் மோசமான நம்பிக்கை. வழக்கமான வலக்கைத் துடுப்பில் வலது கை மட்டும் தண்டின் மேல் இடம் மாறாமல் இருக்க வேண்டும், அதுவும் மென்மையாக. வலப்பக்கம் துடுப்பு வலித்து முடிந்ததும் வலது முழங்கையை மடக்கி முன்கையை உயர்த்துங்கள். தண்டு தானாகத் திரும்பும், இடது அலகு சரியாகத் தண்ணீரில் இறங்கும். அந்த நொடியில் இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையம்போல் தளர்ந்திருந்தால் தண்டு அதற்குள் சுழலும். அங்கேயும் இறுக்கினால், சுழல வழியில்லாமல் வலது மணிக்கட்டு பின்னோக்கி மடங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை நூறு தடவை மடங்கும் என்று யோசித்துப் பாருங்கள்! விசையும் கையிலிருந்து வரக்கூடாது. இடுப்புக்கு மேல் உடம்பு திரும்புவதிலிருந்து வர வேண்டும்.

90 டிகிரிதான் தேர்ந்தவர்களின் கோணம் என்பதும் பழைய கதை. இன்று 30 முதல் 60 வரை வைப்பவர்களே அதிகம். நடுவில் பிரிகிற துடுப்பில் கோணத்தை மாற்றிக்கொள்ளலாம். கை வலித்தால் குறையுங்கள். இடக்கைக்காரருக்குத் தனித் துடுப்பு கட்டாயமில்லை.

கோணமே வேண்டாம் என்பவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். மும்பையில் பிற்பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து வரும். மேற்குக் கரையை விட்டுப் போகும்போது அது எதிர்காற்று. மேலே தூக்கிய அலகு அதை விளிம்பால் கிழித்துப் போவதற்குத்தான் இந்தத் திருகல். திரும்பும்போது பின்காற்று, அப்போது இந்த லாபம் இல்லை. பக்கக் காற்றில் கவனம் தேவை.

கடைசியாக, வலி பழகப் பழகச் சரியாகிவிடும் என்ற நினைப்பு. கட்டைவிரல் பக்கம் தசைநாண் உறை வீங்குவதை 1895-லேயே சுவிஸ் மருத்துவர் டி குவர்வேன் விவரித்திருக்கிறார். அதற்கு ஓய்வும் சிகிச்சையும் வேண்டும். மும்பையில், செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வாரமெல்லாம் கீபோர்டு தட்டுகிற கை, தாராவியில் தையல் மெஷினிலோ தோல் வெட்டுகிற மேசையிலோ உழைக்கிற கை இது. மணிக்கட்டு வீங்கினால் கூலியும் போகும். வலி தொடங்கிய அன்றே துடுப்பைக் கீழே வையுங்கள். சில நாளில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.