மட்டக்களப்புத் துறையைக் கற்பிக்கும் முறை

பூமிசாத்திர வகுப்பில் மாணாக்கரை நோக்கித் துறைமுகமாவது யாது என வினாவின், கப்பல் வந்து நிற்கும் கடற்கரை என்றே பெரும்பாலும் விடை வரும். கொழும்புக்கும் திருக்கோணமலைக்கும் இவ்விடை ஒருவாறு பொருந்தும். காரைதீவிலும் கல்முனையிலும் பயிலும் சைவப் பிள்ளைக்காயினும், உள்நாட்டு வயற்புறத்து வரிப்பத்தான்சேனையிற் பயிலும் முஸ்லிம் பிள்ளைக்காயினும், தன் நாட்டுத் துறையை அறிதற்கு இவ்விடை போதாது. இக்கரையின் பழைய துறைகள் வாவியை நோக்கியன. ஆசிரியர் முதற்கண் உணர்த்த வேண்டுவது இதுவே.

காரணம் படத்திலேயே உளது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லுங் கரை பெரும்பாலும் நேர்கோடாய்க் கிடக்கும் மணற்கரை. அலையை மறைக்கும் மலையும் ஆழ்ந்த குடாவும் ஆண்டில்லை. மணற்றிட்டுக்கு உட்புறத்திலோ, வடக்கே பங்குடாவெளி முதல் தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி பரந்துள்ளது. அதன் நீர் பாலமீன்மடு முகத்துவாரத்தாலும் பெரியகல்லாற்று வாயாலும் கடலொடு கலக்கும். கடலலை புகாத அந்நீரிலே தோணிகள் அச்சமின்றி ஓடின; நெல்லும் தேங்காயும் ஆட்களும் அவ்வழியே சென்றனர். மண்டூர் முருகன் திருவிழாவுக்குக் குருமண்வெளியில் ஓடமேறி அக்கரை சேரும் அடியார் இவ்வழக்கின் எச்சத்தைக் கண்ணாரக் காட்டுவர்.

நிற்க. ஊர்ப்பெயர்களையும் பிள்ளைகளைக்கொண்டே ஆராய்வித்தல் நன்று. இன்று நெல்வயல்கள் சூழ நிற்குஞ் சம்மாந்துறை, சம்பான் என்னும் மரக்கலங்கள் வந்து தங்கிய துறையாதலின் அப்பெயர் பெற்றதென அவ்வூரார் வழிவழியாகக் கூறுவர். சம்பான் சீனரும் மலாயரும் வழங்குஞ் சொல். துறை நம் சொல். முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் அவ்வூரின் பெயரைச் சைவப் பாடசாலையிற் பாடமாக்கத் தயங்குதல் வேண்டா. விபுலானந்த அடிகள் 1892ஆம் ஆண்டிற் பிறந்த காரைதீவின் பெயரில் தீவு என்னுஞ் சொல் நிற்பதேன் என்றும் வினாவலாம். விடையைப் பிள்ளைகள் நிலத்தைப் பார்த்தே தேடுக.

வரலாறும் இந்நீர்வழியைத் தழுவியே நடந்தது. 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையை அடைந்து, பின் கண்டியரசன் விமலதர்மசூரியனைக் காணச் சென்றார். 1628இற் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது கடலோரத்தன்று, வாவியினுள்ளே புளியந்தீவில். உள்நாட்டுக்குச் செல்லும் வாயில் எதுவென அவர் நன்கறிந்திருந்தனர். பத்தாண்டு கழித்து, 1638 மே 18ஆம் நாள், இரண்டாம் இராசசிங்கனொடு கூடிய ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். ஆண்டுகளை மனனஞ் செய்வித்தல் எளிது. கோட்டை ஏன் தீவில் நின்றது என்னும் வினாவே பயனுடையது.

இனி மணலைப் பற்றிக் கூறுதும். பாடநூல்கள் இதனைப் பெரிதும் விட்டுவிடுகின்றன. இக்கரையோரமாக அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே ஓயாது கொண்டு செல்கின்றன. கோடையில் ஆற்றுவாயை மணல் அடைக்கும். மாரியில் வெள்ளம் பெருகித் தானே உடைக்கும், அன்றேல் வயல்கள் அமிழாதபடி மக்கள் வெட்டிவிடுவர். அடைதலும் திறத்தலுமாகிய இவ்வொழுங்கோடு இயைந்தே வாவித்துறைகள் வாழ்ந்தன.

அவ்வொழுங்குக்கு மாறாகக் கல்லணையைக் கடலுள் நீட்டிய இடம் ஒலுவில். அங்கே 2013ஆம் ஆண்டு புதிய துறைமுகந் திறக்கப்பட்டது. வடக்கே செல்லும் மணலை அணை தடுத்தது. தெற்கே மணல் குவிந்து வாயிலைத் தூர்த்தது; அள்ளியும் மீண்டுந் தூர்ந்தது. மணல் வாராத வடபுறத்திலோ கடல் கரையை அரித்துத் தென்னந்தோட்டங்களையும் மீனவர் தோணி இழுத்து வைக்கும் மணற்றரையையும் விழுங்கிற்று. மீன்பிடித்துறை வருமென்று காத்திருந்தோர் தம் கரையையே இழந்தனர். அக்குடும்பத்துப் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பர். ஆதலின் இப்பாடத்தைக் கேலியாகவேனும் பழிகூறலாகவேனும் நடத்தற்க.

ஒருபுறம் நீர்நிறைந்த நீண்ட தொட்டியில் மணலைக் கரைபோல் அமைத்து, சிறு பலகையாற் சாய்வாக அலையெழுப்புக. பின்னர்க் கல்லொன்றைக் குறுக்கே ஊன்றி, மீண்டும் அலையெழுப்பி, கல்லின் இருமருங்கும் மணலுக்கு நேர்வதைப் பிள்ளைகளையே வரையச் செய்க. இயலுமாயின் மாரிக்குப் பின் பெரியகல்லாற்றுக்கு அழைத்துச் செல்க. வெட்டிய ஆற்றுவாயின் ஓரம் இடிந்து விழுமாதலின் எட்டவே நிறுத்துக.