கொப்பரைத் தீயும் காட்டுத் தீயும்

அன்புள்ள கயல்,

வடக்கே துருவப் பகுதிக்குச் சற்றுத் தெற்கே கிடக்கும் தைகா என்னும் ஊசியிலைக் காடுகளைப் பற்றிப் பாடத்தில் படித்துவிட்டு ஒரு கேள்வி அனுப்பியிருந்தாய். தைகாவில் பழைய காடு எரிந்தால்தான் புதுக் காடு முளைக்கும் என்கிறது புத்தகம். அப்படியானால் நம் அண்ணாமலையில் கோடைதோறும் தீப்பிடிக்கும்போது ஏன் இத்தனை பேர் மலையேறி அணைக்கிறார்கள்? மடக்கிவிட்டோம் என்ற சந்தோஷம் உன் எழுத்திலேயே தெரிந்தது. அலாஸ்காவில் தொடங்கி கனடா, ஸ்காண்டிநேவியா, சைபீரியா என்று உலகைச் சுற்றிப் போகும் அந்தக் காடு உனக்கு முழு அந்நியமும் இல்லை. மார்கழி, தை மாதங்களில் நம் ஏரிக்கரைச் சேற்றைக் குத்திக்கொண்டு வாலாட்டும் பொறி உள்ளான் அங்கேதான் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறது. உன் கேள்விக்கு என் பதில் ஒரு சொல்லில் அடங்கும்: இடைவெளி. அதைச் சொன்னால் மட்டும் போதாது, நிறுவ வேண்டும்.

முதலில், நம் மலை காடாகாததற்கு ஊரில் பலர் சொல்லும் ஒரு காரணத்தை எடுத்துக்கொள்வோம். இது வறண்ட ஊர், மலையோ பாறை, இங்கே காடு எப்படி வரும் என்பார்கள். சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஆண்டு முழுவதும் பெய்வது மழையும் பனியும் சேர்த்து 250 மி.மீ.க்கும் குறைவு. ஜனவரிச் சராசரி வெப்பநிலை மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே. ஆனாலும் அந்நகரைச் சுற்றி லார்ச் மரக்காடு கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிறது. திருவண்ணாமலையில் பெய்வதோ ஏறத்தாழ 1,000 மி.மீ. ‘அங்கே குளிர், நீர் எளிதில் ஆவியாகாது, அடியில் உறைந்து கிடக்கும் மண் நீரைக் கீழே இறங்கவும் விடாது’ என்று நீ உடனே சொல்வாய். சரிதான், மழைக்கணக்கை மட்டும் காட்டி நான் ஜெயித்துவிட முடியாது. அதனால் அண்ணாமலையை அண்ணாமலையோடேயே ஒப்பிடலாம். வெறும் புல்லாகக் கிடந்த சில சரிவுகளில் 1980களின் பிற்பகுதி தொடங்கி மரம் நடும் பணி நடக்கிறது. அங்கே இன்று நிழல் விழுகிறது. இடையில் மழை கூடவில்லை, பாறையும் மண்ணாகிவிடவில்லை. கன்று நட்டதுதானே காரணம் என்றால், பாதிக் காரணம் அதுதான். ஆனால் நட்ட கன்றை அடுத்த பங்குனியில் தீ எடுத்துக்கொண்டால் நட்டவர்களின் உழைப்பு சாம்பல். மண்வெட்டியோடு தீத்தடுப்புக் கோடும் சேர்ந்து வந்த இடத்தில்தான் மரம் மிஞ்சியது.

இப்போது தைகாவுக்குப் போவோம். அங்கே குளிரில் எதுவும் சீக்கிரம் மட்குவதில்லை. உதிர்ந்த ஊசிகள் தரையில் மெத்தைபோலக் குவிந்து, மரத்துக்கு வேண்டிய சத்தையெல்லாம் பூட்டி வைத்துவிடும். மின்னல் விழுந்து தீ பரவினால் அந்தப் பூட்டு திறக்கும். ஜாக் பைன் மரத்தின் கூம்புகளைப் பிசின் ஒட்டி மூடியிருக்கும். தீயின் சூட்டில் பிசின் இளகி, சாம்பல் மேல் விதை சிதறும். சில ஆண்டுகளில் அங்கே தளிரும் புதரும் மண்டும். அதைத் தின்னப் பனிமுயலும் மூஸ் என்னும் ராட்சத மானும் வரும். முயலைத் தேடி லின்க்ஸ் பூனை வரும். ஆனால் காரிபூ மான் வராது. அதன் குளிர்கால உணவான லைக்கன், எரிந்த நிலத்தில் மறுபடி செழிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். காரிபூவுக்கு முதிர்ந்த காடுதான் வேண்டும். எரிந்த துண்டும் எரியாத துண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் இத்தனை உயிர்களும் அங்கே பிழைக்கின்றன. ஓரிடத்தில் எரிந்த தீ மீண்டும் அங்கே வர 50, 100, சில இடங்களில் 200 ஆண்டுகள்கூட ஆகும். நான் சொன்ன இடைவெளி இதுதான், நினைவில் வை. கருப்பு ஸ்ப்ரூஸ் மரத்தில் போதிய விதை திரளவே இருபது முப்பது ஆண்டு தேவை. அதற்குள் இரண்டாம் முறை எரிந்தால், தீக்குப் பழகிய அந்த மரமே தோற்றுப்போகிறது. இடத்தை வேறு மரங்களோ புதரோ பிடித்துக்கொள்கின்றன. 2023இல் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் அளவுக்கு எரிந்தபோது ஆய்வாளர்களை உறுத்திய கவலைகளில் இதுவும் ஒன்று.

நம் மலையில் கணக்கு வேறு. மாசியில் புல் காயும்; இடுப்புயரம் வளரும் அந்தப் புல்லுக்கு ஒரு பீடித் துண்டு போதும். கோடை மின்னல் பெரும்பாலும் மழையோடு வருவதால் இங்கே தீ வைப்பது அநேகமாக மனிதக் கைதான். புல்லுக்கு இதனால் நஷ்டமில்லை, அதன் உயிர் அடித்தூரில் இருக்கிறது. முதல் மழைக்கே பச்சை கட்டிவிடும். உசில் கன்றோ வெப்பாலைக் கன்றோ தரைமட்டம்வரை கருகி, மறுபடி துளிர்த்து, முழங்கால் உயரம் வருவதற்குள் அடுத்த கோடை வந்துவிடும். தீ எட்டாத உயரத்துக்குத் தலை போகச் சில ஆண்டுகள் வேண்டும். அந்தச் சில ஆண்டுகளைத்தான் நாம் கொடுப்பதில்லை. ஆண்டுதோறும் எரிக்கிறவர் அறியாமலே புல்லைப் பயிர் செய்கிறார்.

அக்னித் தலத்தில் தீயைக் குறை சொல்லலாமா என்று பெரியவர்கள் யாராவது உன்னிடம் கேட்கலாம். கார்த்திகை தீபத்துக்கு நாள் உண்டு, கொப்பரை உண்டு, நெய்க்கும் திரிக்கும் அளவு உண்டு. சரிவில் ஓடும் தீக்கு இவற்றில் எது இருக்கிறது? ஆடு மேய்ப்பவரின் வாதத்தை இப்படி ஒதுக்கிவிட முடியாது. எரித்தால் இளம்புல் கிடைக்கும் என்கிறார், அது உண்மை, அவருடைய பிழைப்பு. காய்ந்த புல்லை அறுத்து எடுத்துப் போக அனுமதியும் கூலியும் கிடைத்தால் தீக்கு இரையும் குறையும், அவருக்கும் நஷ்டமிராது.

இன்னொரு எதிர்வாதம் இவற்றைவிடக் கனமானது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் சரிந்து 7 பேர் இறந்தார்கள். மரம் வளர்த்தும் மலை சரிந்ததே என்று கேட்டவர்கள் உண்டு. வேர் மேல்மண்ணைப் பிடிக்கும். ஊறிப்போய் நகரும் பெரும்பாறையைப் பிடிக்காது. சரிவின் அடியில் வீடு கட்டலாமா என்பது தனிக் கேள்வி, அதற்கு மரங்களைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. மரம் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று சொல்கிற நம் பக்கத்து ஆட்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் போனால், பகல் வெளிச்சம் இருக்கும்போதே மலைப்பக்கப் பாதையோரத்தில் ஓர் உசில் கன்றைத் தேடிப் பார். தண்டு விரல் கனம்தான் இருக்கும். தரையோடு ஒட்டிய தூர் முஷ்டி அளவு பருத்து, கருப்புத் தழும்போடு இருந்தால், அது இந்த ஆண்டுக் கன்று அல்ல. உன் வயதுகூட அதற்கு இருக்கலாம்.

அன்புடன்,
மாமா