நமஸ்தே என்னும் சொல்

வடநாட்டில் இந்தி வழங்கும் வீடுகளிற் குழந்தை பேசத் தொடங்குமுன்பே கைகூப்பக் கற்றுவிடுகிறது. விருந்தினர் வாயிலில் வந்து நின்றதும், தாய் தன் இடுப்பிலுள்ள மகவை நோக்கி, “நமஸ்தே கரோ” என்பாள். அது தன் சிறு கைகள் இரண்டையும் சேர்த்துக் காட்டும். சில வேளை கைகொட்டிவிடுவதும் உண்டு. கண்டோர் நகைத்து மகிழ்வர். ‘கரோ’ என்பதற்குச் ‘செய்’ என்பது பொருள். நமஸ்தே சொல்லளவில் நிற்பதன்று, செய்யப்படுவதும் ஆகும் என்பதை அவ்வழக்கே காட்டுகிறது.

இளமகவு செய்யும் அச்செயல் விளையாட்டே. அதிற் குறைகூற ஒன்றும் இல்லை. ஆயின், ஐந்தாறு ஆண்டு நிரம்பிப் பள்ளிக்குச் சென்ற பின்னும் அச்சொல் வெறும் ஒலியாகவே நின்றுவிடுமாயின், அது கிளியின் பேச்சாகவே முடியும். ஆசிரியர் வகுப்பினுள் நுழைந்ததும் சிறுவர் அனைவரும் எழுந்து, ‘நமஸ்தே’ என்பதை நெட்டிழுத்து ஒரே குரலில் இசைக்கும் வழக்கம் அந்நாட்டுப் பள்ளிகளில் உண்டு. இசைப்போருள் அதன் பொருளை அறிந்தோர் எத்துணைப் பேர்?

பொருளை உணர்த்துதற்கு நேரிய வழி, சொல்லைப் பிரித்துக் காட்டுவதேயாம். நமஸ்தே இந்தியில் வழங்கினும் பிறப்பால் வடசொல். ‘நம்’ என்னும் வினையடிக்கு வளைதல், பணிதல் என்பன பொருள். அதினின்று வணக்கத்தைக் குறிக்கும் ‘நம:’ என்னும் சொல் பிறந்தது. ‘தே’ என்பது ‘உனக்கு’ எனப் பொருள்படும். ‘நம:’ என்பதும் ‘தே’ என்பதும் புணருங்கால் இடையே ஸகரம் தோன்றி, ‘நமஸ்தே’ என்றாயிற்று. உனக்கு வணக்கம் என்பதே அதன் முழுப் பொருள். நம் தமிழில் ‘வணங்கு’ என்பதற்கும் வளைதலே முதற்பொருள் என்பதை மாணவர் நோக்குக. வில் வளைதலை ‘வில்வணக்கம்’ என்றே வள்ளுவர் வழங்கினார்.

இவ்விலக்கணம் ஆறு வயதுச் சிறுவனுக்கு விளங்குமோ எனின், எடுத்துக்காட்டு ஒன்று போதும். வேனிற்காலத்தில் அவன் ஊர் மாந்தோப்பிற்கு அவனை அழைத்துச் செல்க. காயற்ற கிளை நிமிர்ந்து நிற்கும். காய் நிறைந்த கிளை நிலம் நோக்கித் தாழ்ந்திருக்கும். “எது வளைந்திருக்கிறது? அது ஏன் வளைந்தது?” என்று கேட்க. பணிவிற்கு இந்தியில் ‘நம்ரதா’ என்று பெயர். அதுவும் ‘நம்’ என்னும் அவ்வடியிற் பிறந்ததே. இரண்டு சொற்களும் உடன்பிறந்தவை என்று கூறின், சிறுவன் அதனை மறவான்.

எனினும், ‘தே’ என்னும் ஓரெழுத்தே இச்சொல்லின் உயிர் என்பேன். அது நான்காம் வேற்றுமை. ஒருவர்க்கு ஒன்றைக் கொடுக்குங்கால் கொள்வோரைக் குறிக்கும் வேற்றுமை அதுவே. ஆதலின், வணங்குவோன் தன்னிடமுள்ள ஒன்றை எதிரே நிற்பவர்க்கு அளிக்கிறான். வேறெங்கோ பார்த்துக்கொண்டு கைகூப்பும் பிள்ளையிடம், “யாருக்கு?” என்று ஆசிரியர் வினவுதல் வேண்டும். அவ்வொரு வினாவால் அவன் முகம் திரும்பும்.

கூர்மதியுள்ள பிள்ளை ஓர் ஐயம் எழுப்பக்கூடும். இந்தியிற் பெரியோரை ‘ஆப்’ என்று உயர்த்திச் சொல்லுதல் முறை; ‘தூ’ என்று ஒருமையில் விளித்தல் பிழை. அங்ஙனமாக, பாட்டனாரை ‘உனக்கு’ என்று ஒருமையில் வணங்கலாமோ? நல்ல ஐயமே. வடமொழியில் இறைவனையும் ஒருமையில் விளித்தே போற்றுவர். தமிழில் நாமும் கடவுளை ‘நீ’ என்கிறோம். அதில் இழிவு தோன்றுவதில்லை, நெருக்கமே தோன்றுகிறது. வேண்டுவோர் ‘ஜீ’ என்பதைச் சேர்த்து, ‘நமஸ்தே ஜீ’ என்பர்.

‘என்னுள் உறையும் இறை உன்னுள் உறையும் இறையை வணங்குகிறது’ என்று சிலர் இச்சொல்லுக்குப் பொருள் விரிப்பர். உயர்ந்த கருத்துத்தான், ஆயின் அது விரிவுரை, சொற்பொருள் அன்று. ‘ந’, ‘ம’ எனப் பிரித்து, ‘என்னுடையதன்று’ எனப் பொருள் கூறுதலும் சொற்பிறப்போடு பொருந்தாது. சிறுவர்க்குச் சொல் சொல்லுவதையே முதலிற் சொல்லுதல் நலம்.

இனி, யாரை வணங்குவது என்பதே பெரிய வினா. சிற்றூர்களில் ‘ராம் ராம்’ என்பர். கண்ணனோடு தொடர்புடைய மதுரா, பிருந்தாவனப் பகுதிகளில் ‘ராதே ராதே’ என்பர். நமஸ்தே என்பதிற் கடவுட் பெயர் இன்மையால், எவரும் எவர்க்கும் கூறலாம். 1875-இல் தயானந்த சரஸ்வதியார் நிறுவிய ஆரிய சமாஜத்தார் உயர்வு தாழ்வு கருதாது இச்சொல்லையே பொது வணக்கமாக வழங்கினர். வடநாட்டில் அது பரவியதற்கு அவர்தம் முயற்சி ஒரு காரணம். அவர்க்கும் பன்னூறாண்டுகட்கு முன்னரே, யசுர் வேதத்தின் உருத்திரப் பகுதி ‘நமஸ்தே’ என்று தொடங்கி, தச்சர், தேர் செய்வோர், குயவர், கொல்லர், வேடர் ஆகியோர்க்கெல்லாம் வணக்கம் கூறிச் செல்கிறது. இறைவன் இவர் அனைவராகவும் நிற்கிறான் என்பது அதன் கருத்து.

இதனை நினையுங்கால், மாமனுக்கும் தலைமையாசிரியர்க்கும் மட்டும் கைகூப்பப் பழக்கப்பட்ட பிள்ளை, அச்சொல்லிற் பாதியையே கற்றவனாகிறான். வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையார் வரும்போது, “நமஸ்தே கரோ” என்று சொல்லும் தாய்மார் எத்துணைப் பேர்? பிள்ளைகள் நாம் சொல்லுவதினும் நாம் செய்வதையே விரைந்து கற்கின்றனர். யாரைக் கண்டு தந்தை எழுகிறார், யாரைக் கண்டும் எழாதிருக்கிறார் என்பதை அவர்கள் கண்கள் எண்ணிக்கொண்டே இருக்கின்றன.

கைகூப்புதற்கு இரு கையும் வேண்டும். ஆதலின், பிள்ளை தன் பந்தையோ பலகையையோ முதலிற் கீழே வைத்தல் வேண்டும். வணக்கம் பெறுவோர்க்கும் ஒரு கடன் உண்டு. முதியோராயின், ‘ஜீத்தே ரஹோ’, அஃதாவது ‘நெடிது வாழ்க’ என வாழ்த்துவர். பிறர் நமஸ்தே என்றே மறுமொழி கூறுவர். காலையிற் பால் கொண்டுவருபவரைக் கண்டு ஒரு சிறுமி கைகூப்பின், அவரும் தம் பாற்குடத்தைப் படியில் இறக்கி வைத்துவிட்டே கைகூப்புதல் இயலும்.