அமர்ந்திருத்தலும் அதன் கனியும்

தியானப் பகுதி: மாற்கு 6:30-34

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் பாதை, கல்லாற்றைக் கடந்த பின்னரே 22 கொண்டை ஊசி வளைவுகளாக மலையேறுகிறது. பாறைகளினூடே ஆறு ஓடும் அவ்விடத்தில் சற்று நின்று செல்வதை எவரும் வீணென்று எண்ணுவதில்லை. ஊழியப் பாதையில் நிற்பதோ பலருக்குச் சோம்பலாகத் தோன்றுகிறது. ஆனால், உண்ணவும் நேரமின்றித் தவித்த சீஷரைத் தனிமையான இடத்திற்கு அழைத்தவர் இயேசுவே.

1. சரீரம் சொல்லும் சாட்சி

இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை ஆராய்ந்து 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோது அவர்களுடைய மூச்சு நிமிடத்திற்கு ஏறக்குறைய 6 முறையாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் இயக்கமும் வலுப்பட்டது. யோக மந்திரம் சொன்னபோதும் அதே பலன் கிடைத்தது. ஆகவே உள்ளத்தில் உண்டாகும் அமைதி மாத்திரம் விசுவாசத்திற்கு அத்தாட்சி ஆகாது.

2. மூளை சொல்லாத காரியம்

கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியோ பூரேகார்டும் வின்சென்ட் பக்கெட்டும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கார்மேல் சபைக் கன்னியர் 15 பேர் தாங்கள் பெற்ற ஆழ்ந்த தெய்வ அனுபவத்தை நினைவுகூர்ந்தனர். அப்போது மூளையின் பல பகுதிகள் செயல்பட்டன. தேவனுக்கென்று தனியொரு இடம் காணப்படவில்லை. கருவி இரத்த ஓட்டத்தின் மாற்றத்தைக் காட்டும். ஜெபம் யாரை நோக்கி ஏறெடுக்கப்படுகிறது என்பதைக் காட்டாது. எனவே விசுவாசி அறிவியலுக்கு அஞ்சவேண்டியதில்லை. அதைத் தன் விசுவாசத்தின் அஸ்திபாரமாக்கவும் வேண்டியதில்லை.

3. உண்மையான சோதனை

சீஷர் தேடிய ஓய்வு நீடிக்கவில்லை. ஜனங்கள் முந்திக்கொண்டு அங்கும் வந்து சேர்ந்தனர். இயேசு எரிச்சலடையாமல் அவர்கள்மேல் மனதுருகினார். அமர்ந்திருத்தலின் கனி இதுவே.

1921இல் மருத்துவர்களான சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். அங்கே ஜெபாலயமும் எழும்பிற்று, ஏழைகளுக்கு மருத்துவமும் நடந்தது. ஒன்று மற்றொன்றுக்குத் தடையாயிருக்கவில்லை.

4. இன்று செய்யத்தக்கது

ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்குமுன் இரண்டு நிமிடம் அமைதியாக அமர்தல். மூச்சு நிதானமாகும்வரை ஒரு சிறு ஜெபத்தை மெதுவாகச் சொல்லுதல். அடுத்துச் சந்திக்கவிருக்கும் மனிதரைப் பேர் சொல்லித் தேவசமுகத்தில் நிறுத்துதல். பின்பு கதவைத் தட்டுகிறவர் தொந்தரவாகத் தோன்றுகிறாரா, மேய்ப்பனில்லாத ஆடாகத் தோன்றுகிறாரா என்பதே அந்த இரண்டு நிமிடங்களுக்கான பரீட்சை.