நாம் அடிக்கும் தமிழ் எல்லாக் கணினியிலும் தெரிய...



கணினி அறையில் படம் வரைகிறோம், பாடம் பார்க்கிறோம். ஆனால் தமிழில் நாலு வரி அடிக்கச் சொன்னால் "எனக்குத் தெரியாதுப்பா" என்று நகர்ந்து விடுகிறோம். அதற்கு வழி சொல்வதுதான் இந்தக் கட்டுரை. இதில் சொல்லும் மென்பொருள் எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

★ தமிழ் ஏன் காணாமல் போகிறது?

கடையில் அடித்து வாங்கிய மனுவை பென் டிரைவில் போட்டு வேறு கணினியில் திறந்தால், சில சமயம் தமிழே இருக்காது. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கலந்து கிடக்கும். வைரஸ் என்று பயப்படுவார்கள். வைரஸ் இல்லை, எழுத்துருதான் காரணம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். ஆங்கிலத்துக்குத் தமிழ் வேஷம் போட்ட மாதிரி. பாமினி இல்லாத கணினியில் வேஷம் கலைந்து விடும்!

எங்க தெரு ஆயா ஒருத்தருக்கு முதியோர் உதவித்தொகை மனுவில் ஒரு பெயரைத் திருத்த வேண்டியிருந்தது. அடித்த கடை அன்று பூட்டி இருந்தது. வேறு கடையில் திறந்தால் ஒன்றும் புரியவில்லை. முழு மனுவையும் மறுபடி அடித்து, மறுபடி காசு. "ஒரு பேரை மாத்த ரெண்டு தடவை காசா?" என்று ஆயா கேட்டார். நியாயமான கேள்விதானே!

★ இதற்குத் தீர்வு ஒருங்குறி

அதாவது யூனிகோடு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் முறை. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. 'அ'வுக்கு எண் 2949. கரையாம்புத்தூரிலும் அதே எண், யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் அதே எண். 2010-ல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. போனில் வாட்ஸ்அப்பில் வரும் தமிழ் எல்லாம் ஒருங்குறிதான். அதனால்தான் யார் அனுப்பினாலும் படிக்க முடிகிறது.

★ தமிழ்99 கற்போம்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை இது. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். 2000-களில் 'எ-கலப்பை' என்ற இலவச மென்பொருள் வழியாகப் பலர் இதைப் பழகினார்கள். உழவனுக்குக் கலப்பை போல எழுதுபவருக்கு எ-கலப்பை!

'அம்மா' என்று அடிக்க ஏ, கே, கே, க்யூ. நாலே தட்டு. 'ம'வை இரண்டு முறை தட்டினால் முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாக விழும்.

★ இலவசமாகக் கிடைப்பவை

1. லிப்ரெஓபிஸ் - கடிதம், மதிப்பெண் பட்டியல், படக்காட்சி மூன்றும் செய்யலாம். மெனுவைக் கூடத் தமிழில் வைத்துக் கொள்ளலாம்.

2. வி.எல்.சி. - அநேகமாக எந்தப் பாட்டும் படமும் ஓடும். பிரான்சு நாட்டுக் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது.

3. லினக்ஸ் - விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு உதவி 2025 அக்டோபரில் முடிந்தது. அதற்காகப் பழைய கணினியைத் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்99-ம் அதில் உண்டு.

இவை வெறும் இலவசம் மட்டுமல்ல, 'கட்டற்ற மென்பொருள்'. நகல் எடுத்து நண்பருக்குத் தரலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்றும் பார்க்கலாம். 1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தில் வளர்ந்த எண்ணம் இது. திருட்டு மென்பொருளைப் போட்டால் அதோடு வைரஸும் வரலாம். நல்லதே சும்மா கிடைக்கும்போது திருடுவானேன்?

★ மறக்கக் கூடாத குறிப்புகள்

● கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. பத்தி முடிந்ததும் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்திச் சேமியுங்கள்.

● தவறாக அழித்து விட்டால் பதற வேண்டாம். கண்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் திரும்பி வரும்.

● அச்சுக்குக் கொடுக்கும்போது பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொடுங்கள். எழுத்து மாறாது. திருத்துவதற்கு மூலக் கோப்பையும் தனியாக வைத்திருங்கள்.

● கடையில் மனு அடிக்கச் சொல்லும்போது "அண்ணா, யூனிகோடுல அடிச்சு, கோப்பையும் குடுங்க" என்று கேளுங்கள்.

● பென் டிரைவைப் பிடுங்காதீர்கள். கணினியில் 'எஜெக்ட்' கொடுத்த பிறகு எடுங்கள்.

● பழைய பாமினிக் கோப்பு இருந்தால் மறுபடி அடிக்க வேண்டாம். அதை ஒருங்குறியாக்கும் எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன.

★ கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்!

தமிழ்99-ல் ஜே, க்யூ, ஹெச், இ, எம், எஃப் என்று தட்டினால் நம் பக்கத்து ஊர் ஒன்று வரும். எது? கணினி அறையில் தட்டிப் பாருங்கள். விடை தெரிந்தவர்கள் அப்படியே உங்கள் வீட்டாருக்கும் ஒரு கடிதம் அடித்துக் கொடுங்கள்!

(விடை: பாகூர்)



— ஒன்பதாம் வகுப்பு மாணவி